ஈரல் சொன்ன தலைவர்

நான் தவிடும் மரவள்ளியும் போட்டு வளர்த்த பன்றியின் ஈரலைப் பார்த்துத்தான் என் புருஷன் உந்தாமை ஊரே ஒரு கூரையின்கீழ் குடியிருக்கும் எங்கள் நீளவீட்டுக்குத் தலைவராக்கினார்கள்.

பழைய தலைவர் போய்ச் சேர்ந்ததும் எல்லாக் குடும்பமும் பொதுக்கூடத்தில் கூடியது. பாமாயிலுக்குச் செம்பனை நடும் கம்பெனிக்காரன் எங்கள் மலைச்சரிவுக்கு வெகுநாளாக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான். மிளகுத் தோட்டம், பழமரங்கள், என் மூத்த பிள்ளையைப் புதைத்த இடம், எல்லாம் அங்கேதான். தலைவர் கையெழுத்துப் போட்டால் அத்தனையும் போயிற்று.

"உந்தாம்தான் சரி. அவன் வாயில இல்லைங்கிற வார்த்தை வந்து யாராச்சும் கேட்டிருக்கீங்களா?" என்றார் கிழவர் பன்சா. ஈரல் பார்த்துக் குறி சொல்பவர் அவர்தான்.

நான் எழுந்து நின்றேன். "அதான் பெரியவரே பயமா இருக்கு. படகு மோட்டாரக் கேட்டாங்க, குடுத்தாரு. விதைநெல்லக் கேட்டாங்க, அதையும் குடுத்தாரு. நாளைக்குக் கம்பெனிக்காரன் வந்து கேட்டா?"

கூடமே சிரித்தது. "பாருங்கடி, புருஷன் பெரிய மனுஷனாவுறது சேலா அம்மாவுக்குப் பொறுக்கல!" என்று என்னைக் காட்டிச் சொன்னாள் அடுத்த கதவு லஞ்சி. விதைநெல் வாங்கியவள் அவள்தான்.

பன்றியை வெட்டி ஈரலை வாழையிலையில் வைத்தார்கள். பன்சா குனிந்து திருப்பிப் பார்த்தார். "பித்தப்பை நெறஞ்சிருக்கு. ஒரு வடு இல்ல. இவன் காலத்துல நமக்குக் குறையே வராது."

வடு எப்படி இருக்கும்? என் கைத்தீனி தின்ற பன்றி. கூடவே படுத்தெழுந்தவள் சொன்னது எவன் காதிலும் ஏறவில்லை, செத்த பன்றி சொன்னது வேதவாக்காகிவிட்டது.

அறுவடைத் திருநாளுக்குக் கம்பெனிக்காரன் பீர்ப் பெட்டியோடு வந்தான். எங்கள் அரிசிக் கள்ளைக் குடித்தான். என் புருஷனை அண்ணன் என்றான். அவன் படகு ஏறிப் போனபிறகுதான் இவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விஷயமே எனக்குத் தெரிந்தது.

"வீடு தேடி வந்து கேக்குறான், முகத்துக்கு நேரா எப்படி மாட்டேங்கிறது?" என்றார் இவர்.

"அங்க படுத்திருக்கே உங்க புள்ள, அது முகத்த நெனச்சீங்களா?"

நல்ல மனுஷன்தான். அந்த நல்லதனத்தில் இடி விழ!

மலைச்சரிவை இயந்திரம் வழித்துப் போட்டது. என் பிள்ளை கிடந்த இடம் எதுவென்று இப்போது எனக்கே தெரியவில்லை. பிறகு எல்லோரும் எங்கள் கதவு முன்னால் வந்து நின்றார்கள்.

"கூடவே இருக்கிறவ நீ. முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?" என்று என்னைக் கேட்டார் பன்சா. எனக்கு அவர் தாடியைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"தலைவர் பதவிய விட்டுடு" என்றார்கள் இவரிடம்.

"சரி" என்றார் உடனே.

யாரும் கலையவில்லை. பன்சா தொண்டையைச் செருமினார். "புதுத் தலைவருக்கு ஈரல் பார்க்கணும். சேலா அம்மா வளக்குற பன்னி மாதிரி வராது..."

நான் வாயைத் திறப்பதற்குள் என் புருஷன் சொல்லிவிட்டார்: "அதுக்கென்ன, பிடிச்சுக்கிட்டுப் போங்க."