பாதியில் நின்ற மரை

1.
இந்தக் கதை ஈப்போவில் நான் போகும் மாலை வகுப்பில் கிடைத்தது. இரும்பைச் சுழற்றிச் செதுக்கும் கடைசல் இயந்திரம் பழக்கும் வகுப்பு. முதல் பாடமே சட்டைக் கைதான்: முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொட வேண்டும். சுழலும் இரும்பு துணியைப் பிடித்தால் விடாது; கையோடு இழுக்கும்.
[இதை இப்போதே சொன்னால் முடிவு தெரிந்துவிடுமோ? இருக்கட்டும்.]

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பவித்ரன் வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் ஓர் இயந்திரத்துக்குத்தான் இடம். மில்லிமீட்டரா, அங்குலமா என்று…"
கட்டுரை வாடை. விட்டுவிட்டேன்.

2.
மில்லிமீட்டர் கணக்கில் திருகு மரை வெட்டும் இயந்திரம் புதியது. அவன் மோட்டார் சைக்கிளின் நட்டுகள் எல்லாம் அந்த அளவுதான். அங்குல இயந்திரம், மூடிப்போன தோட்டத்து ரப்பர் ஆலையில் கிடந்தது. பழைய இரும்பு வியாபாரி கனகராஜ் அழைத்துப்போய்க் காட்டினார்.

"பாரம்லா தம்பி. ஆனா இரும்புன்னா இதான் இரும்பு."

பவித்ரனின் மனைவி தினேஸ்வரி சிரித்தாள். "காரு மழையில நனையும், இது உள்ள படுத்துக்குமா? அண்ணே, ஒரு தலகாணியும் சேர்த்துக் குடுங்க."

இயந்திரத்தின் வாய் இன்னும் ஒரு போல்ட்டைக் கவ்வியிருந்தது. மரை பாதிவரைதான் வெட்டியிருந்தது.

"இங்க வேல பார்த்த அர்ச்சுனன் போட்டது," என்றார் கனகராஜ். " எப்பவும் முழுக்கைச் சட்டைதான். அன்னிக்குக் கைய இழுத்திருச்சு. ஆளு பிழைக்கல. அப்புறம் யாரும் அதக் கழட்டல."

மின்சாரம் இல்லை. பவித்ரன் கையால் சுற்றி, நெம்புகோலை இறக்கினான். வெட்டுளி பழைய பள்ளத்தில் அப்படியே போய் உட்கார்ந்தது.
[விட்ட மரையை மறுபடி பிடிக்க எங்கள் ஆசிரியரே தடுமாறுவார்.]

3.
"பவித்ரன் மில்லிமீட்டர் இயந்திரத்தையே வாங்கினான்" என்று எழுதி முடித்தேன். மறுநாள் படித்தால் அங்குலம் என்றிருந்தது. என் கையெழுத்துதான். அசதியில் மாற்றியிருப்பேன் என்று அடித்துத் திருத்தினேன். அதற்கடுத்த நாள் மறுபடியும் அங்குலம். கூடவே, அவன் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான்.

அவனிடம் அப்படி ஒரு சட்டையே இல்லை. நான் கொடுக்கவில்லை.

4.
இப்போது கார் மழையில் நிற்கிறது. இயந்திரம் உள்ளே.

"சாப்பிட வாங்களேன்!" என்கிறாள் தினேஸ்வரி.

"இந்த ஒரு போல்ட்ட முடிச்சிட்டு வாரேன்."

மின்சாரம் போய்விட்டதாக எழுதினேன், வந்துவிட்டது. தினேஸ்வரி ஓடிவந்து அவனை இழுப்பதாக எழுதினேன். அவள் வாசற்படியைத் தாண்டவே… இல்லை, அதுவும் நடக்கவில்லை. அவன் சட்டைக் கையை நானே மடித்துவிட்டேன். அடுத்த வரியில் அது மணிக்கட்டுவரை இறங்கியிருக்கிறது.

நீங்கள் மடித்துப் பாருங்கள். உங்கள் கைக்கு நிற்கலாம். அவன் விரல் சுவிட்சின் மேல் இருக்கிறது. இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை, ஏனென்றால் முடித்தால் அவன் அதை