திருப்பி அனுப்பாத கடிதம்

அந்தக் கடிதம் சங்கத்துக்கு வந்து சேர்ந்தபோது இன்னும் அறுபத்தெட்டு மணித்தியாலம் மீதம் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. எதற்கு மீதம் என்று சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது.

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்திரண்டு, புரட்டாதி மாதம். பண்டத்தரிப்பு வெங்காயச் செய்கையாளர் சங்கத்தில் முப்பத்திரண்டு குடும்பங்கள் இருந்தன. கொழும்பிலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்தால் சங்கத்துக்கு ஒரு முறை உண்டு. ஒருவரும் அதை வாசிப்பதில்லை. வாசிக்கத் தெரிந்தவர்களிடம் கொடுத்துக் கேட்பதும் இல்லை. கடிதத்தின் குறுக்கே சிவப்பு மையில் 'தமிழில் அனுப்புக' என்று எழுதி, வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சிலவேளை ஒரு மாதம் கழித்துத் தமிழில் பதில் வரும். சிலவேளை வராது. வராவிட்டாலும் பரவாயில்லை என்று தீர்மானம் போட்டு ஆறு வருஷமாகிறது. தீர்மானத்தை எழுதியவர் பஞ்சலிங்கம். சிவப்பு மையில் எழுதுவதும் அவர்தான். அச்சில் வார்த்தது போன்ற எழுத்து.

கடிதத்தைக் கொண்டு வந்தவர் சங்கத் தலைவர் கதிரவேலு. பஞ்சலிங்கத்தின் மனைவி மீனாம்பிகைக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன். மீனாம்பிகையும் பக்கத்து வீட்டுக் கமலாவதியும் கொட்டிலில் இருந்து, காய்ந்த வெங்காயத்தைத் தாளோடு சேர்த்துப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், இந்தாரும். உம்மடை வேலை வந்திட்டுது," என்று கதிரவேலு கடிதத்தை நீட்டினார்.

பஞ்சலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டு விறாந்தை மேசை முன் இருந்தார். மேசை லாச்சியிலிருந்து சிவப்பு மைப் பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார். கடிதத்தை விரித்தார். வழக்கமாக அவர் எழுத்துகளைப் பார்ப்பதே இல்லை. எங்கே வெற்றிடம் இருக்கிறது என்று மட்டும் பார்ப்பார். அன்றைக்கு அவருடைய கண் ஒரு வரியில் தொடங்கி அடுத்த வரிக்கு இறங்கியது. பிறகு அதற்கடுத்த வரிக்கு.

மீனாம்பிகை கட்டிக்கொண்டிருந்த பிடியைக் கட்டாமல் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்ன மச்சான், உதிலை படம் ஏதும் கிடக்கோ?" என்றார் கதிரவேலு. "எழுதித் தாருமன், தபாலுக்குப் போகவேணும்."

"மை காய்ஞ்சு போச்சு. நாளைக்கு அனுப்புவம்."

"மை காய்ஞ்சதோ? நீர் வந்த நாளிலை இருந்து உந்தப் பேனை காய்ஞ்சு நான் காணேல்லை."

"உங்கடை மச்சானுக்கும் ஒருநாள் லீவு குடுங்கோ," என்றாள் கமலாவதி. "கவண்மேந்திலை இருந்திருந்தால் வருஷத்துக்கு நாப்பது நாள் லீவெல்லே."

கதிரவேலுவுக்கு அந்தப் பேச்சுப் பிடிக்காது. அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கவண்மேந்து உத்தியோகம் என்பது அவர்களுடைய குடும்பத்தில் தொட்டால் நோகிற இடம். பஞ்சலிங்கம் காலியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் பன்னிரண்டு வருஷம் எழுதுவினைஞராக இருந்தவர். அந்த உத்தியோகத்துக்காகத்தான் கதிரவேலு தங்கைக்கு வீடும் தோட்டக் காணியும் சீதனமாகக் கொடுத்தார். பிறகு அரசாங்க உத்தியோகத்தருக்குச் சிங்களச் சோதனை வந்தது. சித்தியடையாத தமிழ் உத்தியோகத்தருக்குச் சம்பள உயர்வு நின்றது. பிறகு வேலையும் நிற்கும் என்றார்கள். அறுபத்து நாலில் பஞ்சலிங்கம் வேலையை விட்டுவிட்டு, ஒரு ட்ரங்குப் பெட்டியோடு இரயிலில் வந்து இறங்கினார். ஊரார் சுன்னாகம் ஸ்ரேசனில் மாலை போட்டார்கள். மேடையில் ஒருவர், "சிங்களப் புத்தகத்தைக் கையாலும் தொடாத மனிதர்" என்று பேசினார். பஞ்சலிங்கம் குனிந்தபடி இருந்தார். கதிரவேலு வேறு கதை சொன்னார். "மூண்டு தரம் எழுதி மூண்டு தரமும் பெயில். பிறகுதான் கொள்கை, கத்தரிக்காய் எல்லாம்."

இரண்டு கதையும் பொய். அது மீனாம்பிகைக்குத் தெரியும்.

அறுபத்தைந்தில் ஒருநாள் ட்ரங்குப் பெட்டியை வெயிலில் காயவைத்தபோது, அடியில் விரித்திருந்த பத்திரிகைத் தாளுக்குக் கீழே ஒரு கடதாசித் துண்டு இருந்தது. வட்டமான முத்திரை. அவருடைய பெயர். கீழே சிறிய எழுத்தில் ஆங்கிலம். அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். சித்தி. புள்ளி எண்பத்து நாலு. முதல் தரம் எழுதியதிலேயே என்றும் இருந்தது.

அதை இருந்தபடியே வைத்துவிட்டாள். சித்தியடைந்தவர் ஏன் விட்டுவிட்டு வந்தார் என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. அவர் சொல்லாததற்கு ஒரு காரணம் இருக்கும், சொல்லும்போது சொல்லட்டும் என்று இருந்தாள். ஆனால் அண்ணன் 'பெயில்' என்று சொல்லும் ஒவ்வொரு தரமும் அவளுடைய நாக்கு நுனியில் எண்பத்து நாலு வந்து நின்றுவிட்டுப் போகும்.

முதல் வருஷம் மண்வெட்டி பிடித்து அவருடைய உள்ளங்கை கொப்பளித்தது. அவள் நல்லெண்ணெய் பூசிவிட்டாள். இரண்டாம் வருஷம் அவர் எந்தப் பாத்திக்கு எத்தனை நாள் இடைவெளியில் இறைப்பு, எவ்வளவு விளைச்சல் என்று கொப்பியில் எழுதத் தொடங்கினார். நாலாம் வருஷம் தண்ணீர் இறைக்கும் பம் வாங்கினார்கள். வெளிநாட்டு வெங்காயம் வருவது நின்ற பிறகு, சுன்னாகம் சந்தைக்குத் தெற்கிலிருந்து லொறிகள் வரிசையாக வந்தன. மாசச் சம்பளக்காரர் வந்து குத்தகைக்குக் காணி கேட்டார்கள். கதிரவேலுவே புகையிலையை விட்டு வெங்காயத்துக்கு மாறினார். பாத்தி கட்டுவது எப்படி என்று மச்சானிடம் கேட்க வெட்கப்பட்டு, தங்கையிடம் வந்து கேட்டார்.

இந்த வருஷம் எல்லாரும் நட்டிருந்தார்கள். அதுதான் வினை. ஊரெல்லாம் ஒரே கிழமையில் கிண்டியதில் சந்தையில் விலை விழுந்துவிட்டது. வியாபாரிகள் "அடுத்த கிழமை பார்ப்பம்" என்றார்கள். வடகிழக்கில் மழை மப்புக் கட்டத் தொடங்கியிருந்தது. மழை கொட்டில்களுக்குள் அடித்தால் வெங்காயம் முளைவிடும், இல்லாவிட்டால் அழுகும். அதனால்தான் சங்கம் கொழும்பிலுள்ள ஒரு கொள்வனவுக் கந்தோருக்குத் தமிழில் எழுதிக் கேட்டிருந்தது. வந்திருப்பது அதற்குப் பதில்.

பின்னேரம் பஞ்சலிங்கம் சாக்குகளை எடுத்து உதறி, ஓட்டை பார்த்தார்.

"இஞ்சாருங்கோ," என்றாள் மீனாம்பிகை. "உந்தக் கடிதத்திலை என்ன கிடக்கு?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"எண்பத்து நாலு புள்ளி எடுத்தவருக்குத் தெரியாதோ?"

அவர் சாக்கைக் கீழே வைத்தார்.

"எப்ப பார்த்தனீர்?"

"அறுபத்தஞ்சிலை."

"ஏழு வருஷமாய் ஏன் கேக்கேல்லை?"

"நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

 அவர் கடிதத்தில் இருந்ததை மட்டும் சொன்னார். சுன்னாகம் ஸ்ரேசனில் சங்கத்துக்கு இரண்டு சரக்கு இரயில் வாகன்கள். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குள் நானூறு அந்தர், அதாவது இருபது தொன், ஏற்ற வேண்டும். தவறினால் வாகன்கள் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

"எங்கடை இருபது அந்தரை மட்டும் கொண்டுபோனால்..." என்று தொடங்கியவர், தானே தலையை ஆட்டினார். "அது மனிசன் செய்யிற வேலை இல்லை."

"அப்ப எல்லாருக்கும் சொல்லுங்கோ."

"சிங்களக் கடிதம் வாசிக்கிறதில்லை எண்டு தீர்மானம் எழுதினவன் நான். வாசிச்சவனும் நானே எண்டு எப்பிடிச் சொல்லுறது? கையாலும் தொடாத மனிசன் எண்டு சனம் இண்டைக்கும் சொல்லுது."

"சனம் சொல்லட்டும். தீர்மானம் மழையிலை நனைஞ்சாலும் அழுகாது. வெங்காயம் அழுகும்."

புதன்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு வாசிகசாலையில் கூட்டம் கூடியது. முப்பத்தாறு மணித்தியாலம் இருந்தது. ஆண்கள் வாங்கில்களில் இருந்தார்கள். பெண்கள் வழக்கம்போல வாசலுக்கு வெளியே நின்றார்கள். மீனாம்பிகை கூட்டங்களில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. 

பஞ்சலிங்கம் எழுந்து நின்று கடிதத்தைத் தமிழில் சொன்னார். திகதி, வாகன் இலக்கம், அந்தர்க் கணக்கு, நேரம். ஒன்றையும் விடவில்லை.

 பிறகு எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்தது.

"அப்ப தீர்மானம்?"

"மேடையிலை தொடாத மனிசன் எண்டு சொன்னது என்ன மாதிரி?"

கதிரவேலு கையை உயர்த்தினார். "பொறுங்கோ. தீர்மானத்தை விடுங்கோ. மூண்டு தரம் கோட்டை விட்ட மனிசன் வாசிச்சதை நம்பி நாங்கள் வண்டில் கட்டிறதோ? ஸ்ரேசனுக்கு ஆறு கட்டை தூரம். அங்கை போய் வாகன் இல்லையெண்டால்? நனைஞ்ச வெங்காயத்தோடை திரும்பி வாறதோ? வெள்ளியை ஞாயிறு எண்டு வாசிச்சிருந்தால்?"

கேள்வி நியாயமானது. எல்லாரும் பஞ்சலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் கடிதத்தை நாலாக மடித்தார், விரித்தார்.

மீனாம்பிகை வாசற்படியில் ஏறினாள். பிறகு உள்ளே வந்தாள்.  யாரையும் பார்க்காமல் அண்ணனை மட்டும் பார்த்தாள்.

"மூண்டு தரம் இல்லை, அண்ணை. ஒரே தரம். பெயிலும் இல்லை. எண்பத்து நாலு."

கையில் சுருட்டி வைத்திருந்த துண்டை நீட்டினாள். காலையில் பெட்டியிலிருந்து எடுத்தது. கதிரவேலு மூக்குக்கண்ணாடியைப் போட்டு முத்திரையைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், ஆங்கில வரியைப் பார்த்தார். துண்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"பின்னுக்கு ஒண்டும் இல்லை, தலைவர்," என்றாள் கமலாவதி வாசலிலிருந்து. "புள்ளி முன்னுக்குத்தான் கிடக்கு."

வாங்கில்களில் சிரிப்பு ஓடியது. சிரிப்பு அடங்குமுன் மீனாம்பிகை அடுத்ததையும் சொன்னாள்.

"நீங்கள் குடுத்த சீதனம் வீணாய்ப் போகேல்லை, அண்ணை. எண்டைக்கும் போகேல்லை."

கதிரவேலு கண்ணாடியைக் கழற்றினார். நெடுநேரம் அதைச் சால்வையில் துடைத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "என்ரை ரெண்டு வண்டிலும் நாளைக்கு விடிய இருந்து நிக்கும்," என்றார். "வண்டில் இல்லாதவை என்ரையிலை ஏத்துங்கோ."

"தீர்மானம்?" என்று பின்னாலிருந்து ஒருவர் மறுபடியும் கேட்டார்.

"வாசிக்கிறது அவசரத்துக்கு," என்றார் பஞ்சலிங்கம். "பதில் தமிழிலைதான் போகும். வாகன் ஏத்தியாச்சு எண்டு தமிழிலை எழுதுவன். வாசிக்க ஆளைத் தேடுறது அவையின்ரை பாடு."

அதற்குக் கைதட்டினார்கள். யார் எத்தனை சாக்கு, எவருடைய வண்டில் முதலில் என்று பேச்சுத் திரும்பியது. ஆனால் கதிரவேலு இருந்த இடத்தில் இருந்து எழும்பவில்லை. துண்டு இன்னும் அவர் கையில் இருந்தது.

"மச்சான், ஒண்டு கேக்கிறன். இவ்வளவு புள்ளி எடுத்த மனிசன் ஏன் விட்டிட்டு வந்தனீர்?"

ஏழு வருஷமாக மீனாம்பிகைக்குள் கிடந்த கேள்வி. அவள் கணவருடைய முகத்தைப் பார்த்தாள். 

"பாஸ் பண்ணினபடியால்தான் விட்டனான்," என்றார் பஞ்சலிங்கம். "தெரியாதவன் விட்டால் ஏலாமல் போனவன் எண்டு சொல்லுவினம். தெரிஞ்சவன் விட்டால் அப்பிடிச் சொல்லேலாது. அதுக்காகத்தான் படிச்சனான்."

"அதை இஞ்சை வந்து சொல்லியிருக்கலாமே. நான் கண்டபடி கதைச்சுக்கொண்டு திரிஞ்சனான்."

"எங்கடை கந்தோரிலை நாலு தமிழர், மச்சான். மற்ற மூண்டு பேரும் பெயில். நாலு பேரும் ஒண்டாய் விலகினனாங்கள். நான் பாஸ் எண்டு சொன்னால், அவை மூண்டு பேரும் பெயில் விட்டு வந்தவை எண்டெல்லே ஆகும்? பிள்ளை குட்டிக்காரர். நாலு பேரும் கொள்கைக்காக விட்டவை எண்டே இருக்கட்டும் எண்டு விட்டனான்."

"அப்ப அவங்கடை பாஷையிலை உமக்குக் கோவம் இல்லையோ?"

"பாஷையிலை என்ன கோவம்? ஐம்பத்தெட்டுக் கலவரத்திலை எங்களை அடிச்சவங்களும் அந்தப் பாஷைதான். என்னோடை வேலை செய்த பியதாசா, மூண்டு நாள் என்னைத் தன்ரை வீட்டு அறைக்குள்ளை வைச்சுச் சோறு போட்டவன். சாப்பிடு எண்டு அவன் சொன்னதும் அந்தப் பாஷையிலைதான். பிறகு அவன்தான் எனக்குப் படிப்பிச்சவன். உதைப் படிக்காட்டில் உனக்குச் சம்பளம் இல்லை எண்டு ஒருத்தன் சொல்லுறான் பாருங்கோ, அதுதான் எனக்கு ஏலாது."

வெளியே ஒரு காற்று அடித்து அடங்கியது. மழை இன்னும் தூரத்தில்தான் இருந்தது.

கதிரவேலு துண்டைத் தங்கையிடம் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தார். எழும்பப் போனவர் மறுபடியும் இருந்தார். அவருடைய குரலில் பழைய கேலி கொஞ்சம் வந்திருந்தது; ஆனால் இப்போது அதில் முள் இல்லை.

"சரி, விலகல் கடிதம் எழுதினனீரே. அதை எதிலை எழுதினனீர்? தமிழிலையோ, இங்கிலீசிலையோ?"

பஞ்சலிங்கம் மனைவியைப் பார்த்தார். இதை அவளுக்கும் அவர் சொன்னதில்லை.

"சிங்களத்திலை," என்றார். "ஒரு பிழை இல்லாமல். அவையள் அதைத் திருப்பி அனுப்ப ஒரு சாட்டும் இருக்கக்கூடாது எண்டு."