ஐந்துக்கு முன் ஆறு

கேப்டன் இறக்க வேண்டிய இடத்தில் இறக்கவில்லை. விண்கலத்தின் சன்னலருகே அமர்ந்து, பூமியிலிருந்த தம் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். காலையில் படத்தின் ஒத்திகை ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து, படம் ஓட்டும் மேலறையை நோக்கிக் குரல் கொடுத்தாள்.

“டேய் தம்பி, மாத்திப் போட்டுட்டே!”

“ஒரே ஃபைல்தான்க்கா. மாத்திப் போட இதுல என்ன இருக்கு?”

ஒற்றைத் திரை கொண்ட அந்த அரங்கின் நிர்வாகம் அக்காவினுடையது. படம் ஓட்டுவது தம்பி. அவன் இறங்கி வந்தபோது, கையில் பழைய பிரதியின் தகர டப்பாக்கள் இரண்டு இருந்தன. மூடிகளில் அப்பா தம் கையால் ஐந்து, ஆறு என்று எழுதியிருந்தார். உள்ளே சுருள்களின் தலையில் அச்சாகியிருந்த எண்களோ ஆறு, ஐந்து.

தம்பி மூடிகளை இடம் மாற்றி வைத்தான்; எண்கள் ஒத்துப்போயின.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன், அப்பாவே முதலாளியும் ஆப்பரேட்டருமாக இருந்த காலத்தில் அந்தப் படம் அங்கே முதன்முதலாக ஓடியது. கேப்டன் இறக்கிறார், உடலை விண்வெளியில் விடுகிறார்கள். அடுத்த சுருளில் அவரே சன்னலருகே அமர்ந்து, ‘வந்துவிடுவேன், காத்திரு’ என்று மகளிடம் சொல்கிறார். இறுதியில் கலம் தரையிறங்கும், கதவு திறக்கும், படம் முடிந்துவிடும். கூற்றுவன் கையிலிருந்து மீண்டவனை ஊர் எளிதில் விடுமா? எப்படி மீண்டார் என்பதற்கு ஆளுக்கொரு விஞ்ஞானம் சொன்னார்கள். உடலை உறையவைத்த மகிமை என்றார் பல் டாக்டர். வந்தவர் வேறொரு காலத்துக் கேப்டன் என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். உரிமைத் தகராற்றால் படம் வேறெங்கும் காணக் கிடைக்காது போகவே, ஆண்டுதோறும் அப்பா ஓட்டியதே மூலமும் உரையும் ஆயிற்று. அந்தப் பிரதி சுருங்கிப் புளிப்பு வாடை வீசத் தொடங்கிய பிறகே, பொன்விழாக் காட்சிக்கென்று படக் கம்பெனியிடம் புதிய டிஜிட்டல் பிரதி கேட்டு வாங்கினார்கள்.

மெய்யான படத்தில் கேப்டன் பேசிய பின்புதான் இறக்கிறார். திறக்கும் கதவின் வழியே எவரும் வரப்போவதில்லை.

“அப்பா மானம் கப்பலேறிடும்டா.”

“ராக்கெட்ல ஏறும்க்கா.”

“சிரிக்காதே. ஒரு சுருள் பிசகாம ஓட்டினவர்னு டாக்டர் மேடையில பேசப்போறார். தட்டின கை ஓயறதுக்குள்ள முகத்துல கரி பூசிடுவாங்க. பழையபடியே ஓட்டு. பட்டனைத் தட்டினா தாவாதா?”

“தாவும். ஆனா கம்பெனி ஆள் ஒருத்தர் வந்து உக்காரப் போறார். வரிசையை மாத்தினா அடுத்த படம் கிடையாதுன்னு சொல்லித்தான் குடுத்திருக்காங்க.” சற்று நிறுத்தினான். “நானும் ஆப்பரேட்டர்தான்க்கா. தெரிஞ்சே தப்பா ஓட்டச் சொல்றியே, மானம் அவருக்கு மட்டும்தானா?”

இத்தனை ஆண்டுகளில் அவன் வேலையை அப்பா ஒருநாளும் மெச்சியதில்லை என்பதை அவள் அறிவாள்.

எஞ்சியது ஒரே வழி, அப்பா வராமலிருப்பது. மாலையில் வீட்டுக்குப் போனாள். அப்பா முகம் மழித்து, புதுச்சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டி, வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, நேத்து மூச்சு வாங்குதுன்னீங்களே. இன்னைக்கு ஓய்வெடுங்களேன்.”

“மூச்சு வீட்டுலயும்தான் வாங்கும். கிளம்பு.”

அரங்கு நிறைந்திருந்தது. டாக்டர் பேசினார், அப்பா எழுந்து கையுயர்த்தினார், கைதட்டல் ஓய நேரமாயிற்று. விளக்குகள் அணைந்ததும், வலைப்பட்ட மானைப் போல் அக்கா அப்பா அருகே அமர்ந்திருந்தாள். பின்வரிசையில் கம்பெனி ஆள், கழுத்தில் அட்டை தொங்க இருந்தார்.

கேப்டன் சன்னலருகே வந்து அமர்ந்தார். மகளை அழைத்தார்.

அப்பா எழுந்தார். திரைக்கு முதுகு காட்டி, மேலறையைப் பார்த்துக் கத்தினார்.

“டேய்! அஞ்சாவது சுருள் எங்கடா? கேப்டன் இன்னும் சாகவே இல்லையேடா!”

ஒரு கணம் அரங்கு திகைத்தது. மறுகணம் விசில் பறந்தது.

“அதானே! சாகாதவர் எப்படித் திரும்பி வருவார்?” என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

“பெரியவரையே மேல ஏத்துங்கப்பா! பையனுக்குக் கை வரலை!”

கம்பெனி ஆள் எழுந்தார். “இதுதாங்க சரியான வரிசை.”

“உக்காருங்க தம்பி,” என்றார் டாக்டர். “நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே நாங்க பாத்த படம்.”

அக்காவுக்குப் போன உயிர் திரும்பியது. அப்பாவை எவரும் ஐயுறவில்லை. ஆனால் பழி எங்கே போய் இறங்கியது என்பது புரிந்ததும், வந்த உயிர் கனத்தது. படியேறி மேலறைக்கு ஓடினாள். தம்பி படத்தை நிறுத்திவிட்டு, கண்ணாடித் துளை வழியே கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் சொல்லிடறேன்டா. உன்மேல தப்பில்லைன்னு சொல்லிடறேன்.”

“இங்க வந்து பாரு.”

கீழே அப்பா நிமிர்ந்து நின்று, ஒரு விரலால் மேலறைக்கு ஆணையிட்டுக்கொண்டிருந்தார். சுற்றியிருந்தவர்கள் அவர் வாயையே பார்த்திருந்தார்கள்.

“என்னைத் திட்டி எவ்வளவு நாளாச்சு,” என்றான் தம்பி. “தெம்பா இருக்காருக்கா.”

“அடுத்த படம் போயிடும்டா.”

“அது நீதான் சொல்லணும். வேண்டாம்னா இப்படியே ஓட்டறேன்.”

அவள் கீழே பார்த்தாள். “போகட்டும். ஓட்டு.”

அவன் மைக்கை எடுத்தான். “எல்லாரும் மன்னிக்கணும். தப்பு என்னோடது. அஞ்சாவது சுருள் இப்போ வருது.”

கைதட்டினார்கள். கேப்டன் இறந்தார். பிறகு சன்னலருகே வந்து அமர்ந்தார்; அரங்கில் மூக்குறிஞ்சும் ஓசை கேட்டது.

படியடியில் காத்திருந்த கம்பெனி ஆள், “நான் இதை மேல சொல்லித்தான் ஆகணும்” என்றார்.

“சொல்லுங்க,” என்றாள் அக்கா. “உங்க வேலை அது.”

படம் முடிந்து கூட்டம் கலைந்தபின், தம்பி இறங்கி வந்தான். அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“உன்னைத் தனியா விட்டா சரிப்படாது. நாளையிலேருந்து நானும் மேல வந்து உக்காந்துக்கறேன்.”

“வாங்கப்பா,” என்றான் அவன். “படி செங்குத்து. மெதுவா வாங்க.”

மறுநாள் காலை, அக்கா ஒரு நாற்காலியை மேலறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பிறகு கீழே வந்து, வெள்ளிக்கிழமைக்கு வேறு படம் தேடித் தொலைபேசியை எடுத்தாள்.