இருபத்தொன்பதாம் நாள்

சேந்தமங்கலம் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் பாதிக்குக் கேமரா மாட்டியவன் வேலுமணி. காளியப்பனின் பண்ணைக்கும் அவன்தான் எட்டுக் கேமரா மாட்டினான். விலை பேசும்போதே முதலாளியிடம் அடித்துச் சொல்லியிருந்தான்.

"நாலு டிபி டிஸ்க் போடறனுங்க. எட்டுக் கேமராவும் சேந்து நாளைக்கு நூத்தி முப்பத்து மூணு ஜிபி எடுக்கும். முப்பது நாளுக்கு எல்லாம் அப்படியே இருக்கும். அப்புறம் பழசு தானா அழிஞ்சு புதுசு ஏறும்."

ஆட்களுக்கும் பயம் இருக்கட்டும் என்று காளியப்பன் அதைப் பலகையில் எழுதி வாசலிலேயே மாட்டினார்.

டிஸ்க்கைப் போட்டு ரெக்கார்டரை உயிர்ப்பித்தபோது திரையில் 3726 ஜிபி என்றுதான் வந்தது. வேலுமணிக்கு அதில் வியப்பில்லை. எல்லா டிஸ்க்கும் அப்படித்தான். விற்கிற கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணி நாலு டிபி, அதாவது நாலாயிரம் ஜிபி என்று அட்டையில் அச்சடிக்கிறது. ரெக்கார்டர் ஆயிரத்து இருபத்து நாலு, ஆயிரத்து இருபத்து நாலாக எண்ணுகிறது. டிஸ்க் ஒன்றுதான், எண்ணுகிற விதம்தான் வேறு. முப்பது நாள் என்றது அந்த நாலாயிரத்தை வகுத்துச் சொன்னது. ஆனால் நாளைக்கு நூற்று முப்பத்து மூன்று என்பது ரெக்கார்டரின் எண்ணிக்கை. அதன்படி இருபத்தெட்டு நாள்தான் தாங்கும். இதையெல்லாம் விளக்கப் போனால் மிச்ச ரெண்டு நாள் எங்கே போச்சு என்று முதலாளி பிடித்துக்கொள்வார். வேலுமணி வாயைத் திறக்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து, ஜூலை ரெண்டாம் தேதி காலையில் பண்ணையிலிருந்து வேலுமணிக்குப் போன் வந்தது. போனபோது ஆபீஸ் அறையில் காளியப்பன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய அக்கா மகன் சித்தார்த். பண்ணையின் மேற்பார்வை அவனுடையது. கதவோரம் பாவாயி நின்றிருந்தாள். பதினோரு வருஷமாக அங்கே முட்டை பொறுக்குகிறவள்.

குளிர்பெட்டியில் வைத்திருந்த தடுப்பூசி மருந்தில் ஒரு பெட்டி குறைகிறது. முந்தின நாள் சரிபார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது. மருந்து அறைச் சாவி எப்போதும் சித்தார்த்திடம் இருக்கும். ஜூன் மூன்றாம் தேதி மட்டும் அவன் சேலம் போவதற்காகப் பாவாயியிடம் கொடுத்திருந்தான்.

"மத்தியானமே வந்துட்டாருங்க. அப்பவே சாவிய அவரு கையில குடுத்துட்டனுங்க" என்றாள் பாவாயி.

"பொய் மாமா. நான் வந்ததே பொழுதெறங்கித்தான்" என்றான் சித்தார்த்.

"மருந்து ரூம் வாசல்ல கேமரா இருக்குதுங்களே. போட்டுப் பாருங்க. முப்பது நாளைக்கு இருக்கும்னு நீங்கதான மொதலாளி எழுதி வெச்சிருக்கீங்க? இன்னைக்கு இருபத்தொம்போது நாளுதானுங்க ஆகுது." அவள் விரல் விட்டு எண்ணி வைத்திருந்தாள்.

வேலுமணி மவுஸைப் பிடித்தான். ஜூன் மூன்றைத் தட்டினான். ஒன்றுமில்லை. நான்காம் தேதி காலை பத்து மணிக்குத்தான் பதிவு தொடங்கியது. திரையில் ஒரு பூனை மருந்து அறை வாசலைக் கடந்து போனது.

"என்னப்பா, முப்பது நாளுன்னியே?" என்றார் காளியப்பன்.

"அது வந்துங்க... கம்பெனிக்காரன் ஆயிரத்துல எண்றான், மெசினு ஆயிரத்து இருபத்து நாலுல எண்ணுது. அதனால டிஸ்க்குல கொஞ்சம் கம்மியாத்தான் காட்டுமுங்க. எல்லாக் கம்பெனியும் அப்படித்தான்."

காளியப்பனுக்குப் புரியவில்லை. சித்தார்த்துக்குப் புரிந்ததோ இல்லையோ, வேண்டியது கிடைத்துவிட்டது.

"பாத்தீங்களா மாமா? அழிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சுதான் தைரியமா கேமராவப் பாருங்கறா. ஆபீஸக் கூட்டறவ இவதான? எந்தத் தேதி வரைக்கும் இருக்குதுன்னு டிவியில தெரியுமில்ல?"

பாவாயி வேலுமணியைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது; வாசல் பலகையில் இருப்பதைக்கூட யாரோதான் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஜிபி என்றால் என்னவென்றும் தெரியாது. அவனுக்கு அது நன்றாகத் தெரியும். 'முப்பது நாள்னு தப்பாச் சொன்னது நான்தானுங்க, உங்களாட்டவே இந்த அக்காளும் அத நம்புச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ராசிபுரத்தில் காளியப்பனின் சம்பந்தி கட்டும் புதுப் பண்ணைக்கு நாற்பது கேமரா வேண்டும் என்று போன வாரம்தான் சித்தார்த் சொல்லியிருந்தான். வேலுமணி குனிந்து, சரியாக இருந்த வயரை ஒருமுறை கழற்றி மாட்டினான்.

"பழைய ஆளாச்சேன்னு போலீசுக்குப் போகல. நாளையிலிருந்து வராத" என்றார் காளியப்பன்.

அவள் அழவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து வேலுமணி காளியப்பனிடம் போய் நடந்ததைச் சொன்னான். அதற்குள் ராசிபுரத்து வேலை வேறு ஆளுக்குப் போயிருந்தது. அது போகாமல் இருந்திருந்தால் போய்ச் சொல்லியிருப்பானா என்பது அவனுக்கே தெரியவில்லை.

காளியப்பன் பல் குத்திக்கொண்டே கேட்டார். "செரி உடு. இப்ப வேற பொம்பள வந்து நல்லாத்தான் வேல செய்யுது. சித்தார்த்தக் கூப்ட்டு உக்கார வெச்சுக் கேக்கச் சொல்றியா? அக்கா ஊட்டுக்கு நான் போக வேண்டாமா? இன்னொரு டிஸ்க் போடு. இந்தத் தடவ முப்பது நாள் நெசமா வரணும்."

வேலுமணி போட்டுக் கொடுத்தான்.

பாவாயியைத் தேடி அவள் ஊருக்குப் போனபோது அவள் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். திருட்டுப் பேர் பரவிவிட்டதால் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பண்ணையும் அவளைச் சேர்க்கவில்லை. ராசிபுரம் தாண்டி ஒரு ஜவ்வரிசி ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாவுத் தண்ணீரில் நின்று நின்று கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிருந்தது.

"அக்கா, தப்பு என்னோடதுதானுங்க. மொதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்."

"என்னன்னாரு?"

"இன்னொரு டிஸ்க் போடச் சொன்னாருங்க."

"அந்த எண்ணிக்கையெல்லாம் எனக்குப் புரியாதுங்க" என்றாள் பாவாயி. "கம்மியாத்தான் காட்டும்னு சொன்னீங்கள்ல, அது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மாட்டுன அன்னைக்கே."

"அன்னைக்கு நான் கதவோரம் நின்னப்பவும் தெரியும்."

"தெரியுமுங்க."

பஸ் வந்தது. படியில் காலை வைத்தவள் திரும்பினாள்.

"இனி என் ஊட்டுப் பக்கம் வராதீங்க. கேமராக்காரரோட என்ன பேச்சுன்னு, அதுக்கும் ஒண்ணு சொல்லுவாங்க."