குடையில் படாத தூசி

மூன்று மாத இருமலுக்குப் பிறகு, சேலத்து நெஞ்சு டாக்டர் என் மனைவி தேவிப்ரியாவை மூச்சு அளக்கும் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். முள் இருநூற்று அறுபதில் நின்றது.

"இந்த வயசுக்கு நானூறாவது வரணும்மா. மரத்தூள்ல கண்ணுக்குத் தெரியறது மூக்கோட நின்னுடும். தெரியாததுதான் நுரையீரலுக்குப் போகுது. ஒரு மாசம் பாக்கலாம். தூசிய நிறுத்துங்க, இல்லன்னா வேலைய நிறுத்துங்க."

கள்ளக்குறிச்சியில் எங்கள் பட்டறையில் சாமி சிலைகளுக்கு முகம் தேய்ப்பவள் அவள்தான். உளி விட்டுப்போன கரட்டை உப்புத்தாள் மெஷினால் தேய்த்துத் தேய்த்துக் கன்னமாக்குவாள், இமையாக்குவாள். வாகை மரத்தில் நாலரை அடிப் பெருமாள் ஒன்று அப்போது பாதி உருவத்தில் நின்றுகொண்டிருந்தது. அதன் முகத்துக்காக அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவள் வேலையை விட்டுவிட வேண்டும் என்றே நான் விரும்பினேன். இரவில் அவள் இருமுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவன் நான்.  ஊர் திரும்பும் பஸ் சின்னசேலம் தாண்டியபோது, நான் அதைச் சொல்வதற்குள் அவளே பேசினாள்.

"மாமா, தூசி உறிஞ்சுற மெஷின் ஒண்ணு வாங்கிப்புடலாம்."

அவள் கண்ணைப் பார்த்தேன். திருவிழாவுக்குப் புறப்பட்டவள் போலிருந்தாள்.

அடுத்த வாரமே மறுபடி சேலம். அவள் கையில் ஒரு டானிக் பாட்டில் நிறைய, சிலை முகம் தேய்த்ததில் விழுந்த மரத்தூள், கக்கத்தில் கறுப்புக் குடை. வெயிலுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் எடுத்தவுடன் ஆளுயர டிரம் ஒன்றைக் காட்டினார். "பட்டறைக்கு இதாம்மா. எவ்ளோ இழுவை பாருங்க." நெருங்கியபோது என் வேட்டி குழாய்க்குள் போகப் பார்த்தது. தேவி பாட்டிலைத் தரையில் கவிழ்த்தாள். தூள் ஒரே இழுப்பில் காணாமல் போனது. கடைக்காரர் சிரித்தார். அவளோ குடையை விரித்து, தண்ணீர் தொட்டுத் துடைத்து, மெஷினின் பின்பக்கம் காற்று வரும் இடத்தில் பிடித்திருந்தாள். திருப்பிக் காட்டினாள். கறுப்புத் துணியில் சந்தன நிறத்தில் ஒரு படலம்.

"இன்னாங்க இது? முன்னால உறிஞ்சிக்கினு பின்னால ஊதுது?"

"அதுல துணி பில்டர்தாம்மா... பெருந்தூளுக்கு."

"எனக்குப் பெருந்தூள் வாணாம். அதை நான் தொடப்பத்துலயே கூட்டிக்குவேன்."

கடைப்பையன்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். நான்கு மெஷின்கள் ஓடின. ஒவ்வொன்றுக்கும் குடையைத் துடைத்துத் துடைத்துப் பிடித்தாள். நாலாவது முழங்கால் உயரம்கூட இல்லை. உள்ளே தூசிப் பை, அதற்கு மேல் விசிறிபோல் மடிப்பு மடிப்பாக ஒரு பேப்பர் பில்டர். குடை கறுப்பாகவே இருந்தது. கடைக்காரர் விரலால் தடவிப் பார்த்தார். நானும் தடவினேன். ஒன்றுமில்லை. 

"ஏம்மா, எங்க கடைக்கு வேலைக்கு வரியா?" என்றார் அவர்.

வாங்கி வந்த மறுநாள் அதன் குழாய் நுனியை உப்புத்தாள் மெஷினோடு சேர்த்துக் கட்டினாள். உப்புத்தாள் மெஷினின் அடியில் இருந்த துளைகளும் தாளின் துளைகளும் ஒன்றன்மேல் ஒன்று வர வேண்டும், இல்லாவிட்டால் இழுவை இல்லை என்று அவளே கண்டுபிடித்தாள். ஓடவிட்டாள். ஜன்னல் வெயிலில் எப்போதும் புகைபோல் நிற்கும் தூள் அன்று இல்லை. வெயில் வெறும் வெயிலாக விழுந்தது. "ஐயோ, மரத்தோட ரேகை தெரியுது மாமா, தேய்க்கும்போதே தெரியுது!" என்று கத்தினாள்.

பிறகு அந்தத் தூசி மெஷினை வேறு யாரும் தொட முடியவில்லை. பை முக்கால் நிறைந்தால் மாற்றுவாள். பை இல்லாமல் சுவிட்ச் போடவிடமாட்டாள். இழுவை கம்மியானால் பில்டரைக் கழற்றி, பின்கட்டில் மூக்கைக் கட்டிக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் மடிப்பு மடிப்பாகத் தள்ளிவிடுவாள். தட்டக் கூடாது, தண்ணீர் படக் கூடாது.

"பொண்ணுக்குத் தலை வாரி விடறாப்ல இல்ல வாரிக்கினு கீற" என்பார் கண்ணாயிரம். எங்கள் மூத்த சிற்பி.

"பூ வெச்சி விடறதுக்குள்ள நீங்க போயி மூக்கைச் செதுக்குங்கண்ணே."

இருமல் குறைந்தது. முதலில் நான் நம்பவில்லை. பிறகு ஒரு இரவு முழுக்க விழித்திருந்து கேட்டேன். இரண்டே தடவை.

ஆயுத பூஜைக்கு உளி, சுத்தி, ரம்பத்தோடு அந்த மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் விஜயதசமி அன்றுதான் எடுப்போம். காலையில் சாம்பிராணி போட்டு, ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு வேலையைத் தொட்டு வைக்க வேண்டும். உளியால் ஒரு கொத்து, ரம்பத்தால் ஓர் இழுப்பு.

அன்று காலை தேவி பொரி கடலை பங்கிட்டுக்கொண்டிருந்தாள். தூபக்கால் சாய்ந்து தரையில் கொஞ்சம் சாம்பல் கொட்டியிருந்தது. கண்ணாயிரத்துக்குத் தோன்றியது நல்ல எண்ணம்தான். புது மெஷினுக்கும் ஒரு வேலை தொட வேண்டுமே. சுவிட்சைப் போட்டு, சாம்பலை உறிஞ்ச வைத்து, கும்பிட்டார்.

சாம்பலுக்குள் கொட்டாங்குச்சிக் கங்கு இருந்திருக்கிறது.

இரண்டு நிமிடத்தில் பின்பக்கத்திலிருந்து நாற்றம் வந்தது. பிறகு புகை. பை நிறைய மாவு போன்ற மரத்தூள். அதில் காற்று வேறு ஊதிக்கொண்டிருந்தது.

"மாமா, ப்ளக்கு! ப்ளக்கைப் புடுங்குங்க!"

ப்ளக் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் நின்றேன். எரிந்து போகட்டும், இதோடு இவள் வீட்டில் உட்காரட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு நொடிதான். பிடுங்கினேன். அவள் அதற்குள் மெஷினைத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துப் போயிருந்தாள். கிளிப்பைத் தட்டி மோட்டார் தலையைத் தனியே தூக்கினாள். தொட்டியிலிருந்து முழ உயரத்துக்குத் தீ எழுந்தது. நான் மணலை அள்ளிப் போட்டேன். கண்ணாயிரம் ஒரு குடம் தண்ணீரைத் தொட்டியில் பாதியும் என் தலையில் பாதியும் ஊற்றினார்.

மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. பில்டரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

கண்ணாயிரம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "சாம்பல்னுதாம்மா நெனச்சேன். மொதல் வேலை நல்ல வேலையா இருக்கட்டும்னு..."

"எழுந்திரிங்கண்ணே. ஒங்களுக்குச் சுட்டுச்சா? இல்லியே?" என்றாள். என் பக்கம் திரும்பாமல் கரிந்த பில்டரைத் துணிப்பையில் போட்டாள்.

பெருமாள் உளி வேலை முடிந்து நின்றது, முகம் மட்டும் கரடாக. டாக்டர் சொன்ன நாள் மறுநாள். நெருப்பும் புகையும் ஆன அடுத்த நாளே ஊதினால் முள் எங்கே நிற்குமோ என்று எனக்குப் பயம். குறைந்திருந்தால் முடிந்தது.

அவள் மூச்சை இழுத்தாள். ஊதினாள். கண் பிதுங்கியது.

"முன்னூத்தி நாப்பது" என்றார் டாக்டர். இன்னொரு தடவை ஊதச் சொன்னார். முன்னூற்று ஐம்பது. "என்னம்மா பண்ணீங்க?"

அவள் துணிப்பையிலிருந்து கரிந்த பில்டரை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தாள். கரித்தூள் அவருடைய காகிதங்களில் சிந்தியது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, வேலை செய்ங்க. ஆனா இது ஓட்டையா இருக்குற அன்னிக்கு ஒரு நிமிஷம்கூடக் கூடாது."

ஆஸ்பத்திரிப் படியில் அவள் இரண்டிரண்டாக இறங்கினாள். கடையில் இரண்டு பில்டர்கள் வாங்கினோம், மாற்றுக்கு ஒன்று. பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனை எடுத்தாள்.

"அண்ணே, பெருமாள் மொகத்துல யாரும் கை வெக்கக் கூடாது. நான் வந்துக்கினே கீறேன்!"

"யாரும்மா வெக்கப்போறா? நீ வூட்டுக்குப் போயி நிக்காம நேரா இங்க வா" என்ற குரல் எனக்கும் கேட்டது.

 தலைவாசல் வந்தபோது சொன்னேன். "நேத்து ப்ளக்கைப் புடுங்காம ஒரு நொடி நின்னுட்டேன்."

"பாத்தேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்னசேலம் வரை அப்படியே வந்தாள். பிறகு மடியில் இருந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"நீங்கதான் மாட்டணும். ரப்பர் வளையம் சரியா ஒக்காரணும், இல்லன்னா ஓரமா தூசி போயிடும். கத்துத் தரேன்."