காற்று நின்ற நேரம்

உடைந்த பஞ்ச் அச்சை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தார் சுப்புராமன். இரண்டு துண்டு. முழங்கைத் தடிப்பு உருக்கு, கரும்பை முறித்ததுபோல் குறுக்காக முறிந்திருந்தது. அதிலிருந்து தெறித்த மூன்றாவது சில்லைக் கண்ணாஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். பிரஸ்ஸில் நின்ற செல்லையாவின் கண்ணோடு சேர்த்து.

"மொதல்ல ஹார்ட்னஸ் பாருங்க. அப்புறம் பேசுவோம்," என்றார்.

கிருபாகரன் துண்டின் அடிப்பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, கடினம் அளக்கிற மீற்றருக்குக் கீழே வைத்துக் கைப்பிடியை இறக்கினான். முள் எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நின்றது. மூன்று இடத்தில் பார்த்தான். மூன்றிலும் அதேதான். சுப்புராமன் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். கிராண்ட்பாஸில் அவருடைய பிரஸ் கடை. பழுக்கக் காய்ச்சிய கம்பியை அமுக்கி போல்ட் தலை செய்கிற வேலை. அமுக்குகிற அந்தப் பஞ்ச் அச்சுகளுக்குச் சூடேற்றிப் பதம் கொடுப்பது ஜிந்துப்பிட்டியில் ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இருக்கும் யேசுரட்ணத்தின் பட்டறை. அங்கே உலையடி வேலை கிருபாகரனுடையது.

"பாத்தீங்கல்ல? சாமான்ல குத்தம் இல்ல. அப்ப கையிலதான் குத்தம்," என்றார் சுப்புராமன். "ஆத்தா செத்ததுலேர்ந்தே செல்லையா சரியில்ல. காலையிலயே போட்டுட்டு வந்து கோணலா மாட்டியிருப்பான். ஆத்தா செத்தது மெஷினுக்குத் தெரியுமா?"

யேசுரட்ணம் முதலாளி, "ஓம் ஓம்," என்று சொல்லி அவருக்குத் தேத்தண்ணி வரவழைத்தார்.

கிருபாகரன் துண்டைத் திருப்பி உடைந்த முகத்தைப் பார்த்தான். நல்ல உருக்கு முறிந்தால் முகம் மங்கிய சாம்பல் நிறத்தில், நார் கிழிந்தது மாதிரி இருக்கும். இது உப்புக்கல் மாதிரி மினுங்கியது. மணி மணியாகப் பிரிந்திருந்தது. உலையில் ஆயிரம் பாகைக்கு ஏற்றும்போது உருக்குக்குள் இருக்கிற கரியும் குரோமியமும் அதற்குள்ளேயே கரைந்துபோகும். வெளியே எடுத்த கையோடு காற்றடித்து ஆற்றவேண்டும். கரைந்தது வெளியே வர அவகாசம் கொடுக்கக் கூடாது. அதற்குப் பிறகு குறைந்த சூட்டில் திரும்ப வைத்தால் அவை பொடிப்பொடியாக, கண்ணுக்குத் தெரியாத கார்பைட்டாக, எல்லா இடமும் பரவிப் பிறக்கும். பஞ்ச் அச்சின் உயிரே அதுதான். ஆற்றுகிறபோது சுணங்கினால், அதே கரியும் அதே குரோமியமும் மணிகளின் ஓரத்துக்குப் போய்க் கூடிக் கட்டிக்கொள்ளும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. மீற்றரும் காட்டாது. அடி வாங்கி அடி வாங்கி ஒரு நாள் அந்த ஓரங்களால் பிளக்கும்.

எங்கே சுணங்கியது என்று அவன் யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

பட்டறை ஒடுக்கமானது. ஊதுகிற பெரிய புளோவரை வைக்க வாசலைத் தவிர வேறு இடமில்லை. அதன் காற்று உருக்கில் பட்டுச் சுழன்று, தூசியும் கரியுமாக ஒழுங்கைக்குள்தான் போகும். அக்கம்பக்கத்துச் சனம் ஏசிக்கொண்டே பொறுத்துக்கொண்டது. அதற்குப் பதிலாக யேசுரட்ணம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒழுங்கையால் பிரேதம் போனால் புளோவரை நிறுத்திவிடவேண்டும். இந்துவோ, வேதக்காரரோ, சோனகரோ, யாராக இருந்தாலும். செத்தவரின் முகத்தில் தூசி அடிக்கக் கூடாது. பிரேதங்கள் ஒரு பாட்டம் தப்பு மேளத்தோடு அந்த இடத்தைக் கடந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தால் எந்த உருக்கும் கெட்டதில்லை.

செல்லையாவின் தாய் மயிலம்மாவின் பிரேதம் வந்தபோதுதான் முன்னால் ஒரு லொறி திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டது. மாதம்பிட்டி மயானத்துக்குப் போகவேண்டிய வண்டி பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டது. வண்டிக்கு முன்னால் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகச் செல்லையா. கையில் கொள்ளிச்சட்டி. சட்டியிலிருந்து பொறி பறக்க, கிருபாகரன் ஓடிப்போய் புளோவரை நிறுத்தினான். உள்ளே மேடையில், அப்போதுதான் உலையிலிருந்து எடுத்த பஞ்ச் செம்மஞ்சளாக நின்றது. எண்ணெயில் போட்டால் வெடித்துவிடுகிற சாதி அது. காற்றில்தான் ஆறவேண்டும். லொறிக்காரனும் தப்படிக்கிறவர்களும் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி ஏசிக்கொண்டார்கள். செம்மஞ்சள் சிவப்பாகி, சிவப்பு கறுத்த சிவப்பாகி, அதுவும் தன்பாட்டில் அவிந்தது. செல்லையா உள்ளே பார்த்தான். கையில் சட்டி இருந்ததால் கும்பிட முடியாமல் தலையை மட்டும் தாழ்த்தினான். கிருபாகரன் அந்தப் பஞ்சைத் திரும்பச் சூடேற்றி முதலிலிருந்து செய்திருக்கவேண்டும். பின்னேரம் மீற்றர் சரியென்று சொன்னது. விட்டுவிட்டான்.

சுப்புராமன் போனபிறகு அதை முதலாளியிடம் சொன்னான்.

"அண்டைக்கு நிப்பாட்டினதில வந்தது இது. மயிலம்மாட பிரேதம் போகேக்க."

யேசுரட்ணம் கோப்பையைக் கீழே வைத்தார். "மீற்றர் சரியெண்டுது. நீயும் சரியெண்டாய். இப்ப போய் அவனிட்ட என்னத்தைச் சொல்லப்போறாய்? உன்ர அம்மாட பிணத்துக்கு மரியாதை குடுத்ததாலதான் உன்ர கண் போனது எண்டோ? எந்த வாயால சொல்லுவாய், சொல்லு பாப்பம்."

தன் பட்டறையைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் சொன்னார். ஆனாலும் அவர் கேட்டது நியாயமான கேள்வி. வெள்ளவத்தை வீட்டுக்கு பஸ்ஸில் போகும்போதும் கிருபாகரன் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். சொல்லாமல் விட்டால் செல்லையா குடிகாரன். கிராண்ட்பாஸில் ஒரு பிரஸ் கடை அப்படிச் சொன்னால் மற்றக் கடைகளும் கதவைச் சாத்தும்.

அடுத்த ஞாயிறு அவன் செல்லையாவின் வீட்டுக்குப் போனான். ஜிந்துப்பிட்டியில் ஒரு மாடியறை. மொட்டையில் மயிர் முள்ளு முள்ளாக முளைத்திருந்தது. இடது கண்ணில் வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது.

"வா கிருபா. இந்தப் பக்கம் உக்காரு. அந்தப் பக்கம் உக்காந்தா நீ வந்ததே எனக்குத் தெரியாது," என்றான் செல்லையா. "என்ன, நீயும் வாய மோந்து பாக்க வந்தியா?"

"சீ, இல்லண்ணை."

"குடிக்கல. அம்மா போனதுலேர்ந்து தொட்டதே இல்ல. சொன்னா என் பொஞ்சாதியே ஒரு மாதிரி பாக்குறா." மொட்டையைத் தடவிக்கொண்டான். "ஆனா ஒண்ணு. அன்னிக்கி மாட்டுறப்ப அம்மா நெனப்பு வந்திச்சு. நட்டை ரெண்டு தரம் இறுக்கினேனா, ஒரு தரமான்னு தெரியல. ராவெல்லாம் கை இறுக்கிக்கிட்டே இருக்கு." வலக்கையை உயர்த்திக் காட்டினான். அது காற்றில் எதையோ பிடித்துத் திருகிவிட்டு மடியில் விழுந்தது.

"பிழை நட்டில இல்ல. உருக்கில."

"மீட்டர் சரியா காட்டிச்சாமே?"

"மீற்றருக்கு அது தெரியாது."

"அப்ப எதுக்குத் தெரியும்? அதைக் காட்டு. நான் பாக்கணும். ஒரு கண்ணு மிச்சம் இருக்குல்ல."

கிருபாகரனின் மாடிவீட்டுத் தொகுதியில் ரக்ஷிதா என்று ஒரு பிள்ளை இருந்தாள். உலோகங்களைச் சோதிக்கிற ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. துண்டை முன்கூட்டியே அவளிடம் கொடுத்திருந்தான். அவள் அதில் ஒரு சின்ன முகத்தை வெட்டி, கண்ணாடி மாதிரி மினுக்கி, அசிட் பூசிக் கழுவி வைத்திருந்தாள். கிருபாகரனும் செல்லையாவும் அங்கே போனபோது குனிந்து நுணுக்குக்காட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஒற்றைக் குழல் வைத்த பழைய சாமான். நிமிராமலே, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்.

"மற்றக் கண்ண மூடிக்கொண்டு பாருங்கோ, அங்கிள்."

"அது மூடித்தான் இருக்கு மிஸ்."

அவள் நிமிர்ந்தாள். முகம் சிவந்துபோனது. செல்லையா சிரித்துவிட்டுக் குனிந்து கண்ணை வைத்தான்.

"அட. நம்ம தோட்டத்துக் குடியிருப்ப மேலேர்ந்து பாக்குற மாதிரி இருக்கே," என்றான். "வீடு, வீடு, வீடு. நடுவால சந்து."

"அந்தச் சந்திலதான் கார்பைட் வந்து நிக்குது. கறுப்பாத் தெரியுதெல்லோ? கெதியா ஆறியிருந்தா அது அங்க வந்திருக்காது," என்றாள் ரக்ஷிதா.

"இந்தச் சந்தாலதான் ஒடஞ்சிச்சா?"

"ஓம் அங்கிள்."

"நட்டு ஒருதரம் இறுக்கினா?"

"எத்தின தரம் இறுக்கினாலும் இது உடைஞ்சுதான் இருக்கும்."

செல்லையாவின் தோள் மெல்ல இறங்கியதைக் கிருபாகரன் பார்த்தான். இதோடு போதும், இப்படியே எழுந்து போய்விடலாம் என்று நினைத்தான். ரக்ஷிதா கடதாசியை எடுத்தாள். "ஆற ஏன் லேட்டானது எண்டும் எழுதோணும். கரண்ட் கட்டா?"

அவன் நினைத்தே பார்க்காத வழி அது. எத்தனை லேசானது. நாட்டில் யார் அதை நம்பமாட்டார்கள்? செல்லையாவின் பெயரும் மீளும், மயிலம்மாவும் தன்பாட்டில் கிடப்பாள்.

"ஓம்," என்றான் கிருபாகரன். "கரண்ட் கட்."

செல்லையா குழலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்த நாள் கிருபா?"

கிருபாகரன் மேசையில் கிடந்த மிச்சத் துண்டை எடுத்துத் திருப்பினான்.

"சனிக்கிழமையா?"

ரக்ஷிதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உள்ள ஒரு சாமான் செகப்பா நின்னிச்சு," என்றான் செல்லையா. குரல் குழலுக்குள் பேசுவதுபோல் இருந்தது. "சட்டியோட நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அழகா இருந்திச்சு. அப்ப உள்ள லைட்டு எரிஞ்சிச்சு கிருபா. கரண்ட் இருந்திச்சு." மூச்சை இழுத்துவிட்டான். "சனிப் பொணம் தொணை தேடும்னு பெட்டியில கோழிக்குஞ்சு வேற கட்டித்தான் கொண்டுபோனோம்."

"அப்ப என்ன எழுத?" என்றாள் ரக்ஷிதா.

"புளோவரை நிப்பாட்டினது எண்டு எழுதும். நிப்பாட்டினது நான்தான். கிருபாகரன் எண்டு பேரையும் போடும்."

"ஏன் நிப்பாட்டினீங்கள்?"

கிருபாகரன் செல்லையாவைப் பார்த்தான். ரக்ஷிதாவின் பேனை கடதாசிக்கு மேலே நின்றது. செல்லையா அந்தக் கேள்வி காதில் விழாதவன்போல் குழலடியில் முகத்தை மெல்லத் திருப்பி, துணி ஒட்டிய கண்ணை அதில் வைத்தான். கையை நுணுக்குக்காட்டியின் திருகில் வைத்து, இன்னும் தெளிவாகப் பார்க்கப்போகிறவன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தான். குழலிலிருந்து வந்த வெளிச்சம் வெள்ளைத் துணியில் சின்ன வட்டமாக விழுந்து, விரிந்து, சுருங்கி, மறுபடி விரிந்தது. அது பார்க்கிற கண் இல்லையென்று இருவருமே அவனுக்குச் சொல்லவில்லை.