கல்யாண அளவு வளையல்

வயிற்றில் இரண்டு என்று ஸ்கேன் சொன்ன நாளிலிருந்து கவரைப்பேட்டையில் எல்லோரும் டாக்டர் ஆகிவிட்டார்கள். பத்தாவது ஃபெயிலானவர்கள்கூட எனக்கு மருந்து சொன்னார்கள். இளநீர் குடி என்றாள் ஒருத்தி, குடித்தால் சளி பிடிக்கும் என்றாள் அவள் தங்கச்சி. வயிறு என்னுடையதாம், வாய் மட்டும் ஊருக்குச் சொந்தமாம்.

என் மாமியார் ஆரோக்கியமேரிக்கோ, ஏன் இரட்டை என்ற காரணமே தெரிந்துவிட்டது.

"கல்யாணப் பந்தியில ரெட்டை வாழைப்பழத்த துன்னா இல்ல? நான் அப்பவே பாத்தேன். வாணாம்னு சொல்றதுக்குள்ள முழுங்கிட்டா."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் வரிசையில் போய் உட்காருகிறவர். வாழைப்பழ விஷயத்துக்கு மட்டும் வேறு வேதம் வைத்திருந்தார்.

முதல் நான்கு மாதம் பச்சைத் தண்ணீர்கூட தங்கவில்லை. கையில் கவர் இல்லாமல் கம்பெனி பஸ்ஸில் ஏறியதே இல்லை. ஐந்தாம் மாதம் வாந்தி நின்று பசி வந்தது பாருங்கள், அப்படி ஒரு பசி. காலையில் நாஷ்டா முடித்த கையோடு மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருப்பேன். முகமும் பளபளவென்று ஆனது. ஒரு மாதம் ராணி மாதிரி இருந்தேன். ஆறாம் மாதம் அந்த ராஜ்ஜியமும் போயிற்று. ஒன்று விலாவில் உதைத்தால் இன்னொன்று மூத்திரப்பையில் உதைக்கும். உட்கார்ந்தால் மூச்சு முட்டும், படுத்தால் நெஞ்செரிச்சல், நின்றால் இடுப்பு விட்டுப்போகும்.

நின்றுகொண்டேதான் எனக்கு வேலை. கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனி, நான் பேக்கிங். எங்கள் வரிசையில் பதினாலு பெண்களுக்கு டாய்லெட் போக ஒரே ஒரு டோக்கன், ஆணியில் தொங்கும். அது திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். சூப்பர்வைசர் விஜயகுமாரிடம் ஒரு ஸ்டூல் கேட்டேன்.

"உனக்கு குடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா."

"எல்லாருக்கும் வயித்துல ரெண்டு இருக்குதா சார்?" என்றேன். அந்த மகராசன் செல்போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். மறுநாளோடு நானும் வேலையை விட்டு நின்றுவிட்டேன்.

ஏழாம் மாதம் கால் வீங்கியது. என் செருப்பு நுழையாமல் புருஷன் இம்மானுவேலின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன். பிறகு கை வீங்கியது, முகமும் வீங்கியது. எங்கள் ஏரியா நர்ஸ் பிரேமா ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "ரெட்டைக் கொழந்தைன்னா பிரஷர் எகிறும். தலைவலி வந்தாலோ, கண்ணு முன்னால மின்னுனாலோ ஒரு நாள்கூட வுடாத. ரெண்டு புள்ளைக்கும் ஆபத்து, உனக்கும் ஆபத்து."

தலைவலி ஒரு வியாழக்கிழமை வந்தது. அன்றைக்கே செக்கப் நாளும்கூட. மாமியார் விடவில்லை.

"ஞாயித்துக்கிழமை வளைகாப்ப வச்சிக்கினு எவளாவது ஆஸ்பத்திரி வாசப்படி மிதிப்பாளா? ரெண்டு புள்ளைக்கு ரெண்டு பங்கு வீக்கம், அவ்ளோதான்."

நானும் கேட்டுக்கொண்டு படுத்தேன். அடுத்தவர்களை ஏசுகிறேனே, அந்த மூன்று நாளுக்கு என்னையும் ஏச வேண்டும்.

எனக்கு அம்மா இல்லை. அதனால் வளைகாப்பு முழுக்க மாமியார் கையில். ஒரு பிள்ளைக்குக் கைக்குப் பதினொன்று போதும், இரண்டுக்கு இருபத்தொன்று என்று கணக்குப் போட்டார். அளவு? பெட்டியிலிருந்த என் கல்யாண வளையலை எடுத்துக்கொண்டு போய் அந்த அளவிலேயே வாங்கி வந்தார். எதிரில் பூசணிக்காய் மாதிரி ஊதிக் கிடக்கும் என் கையைப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஏழு வகைச் சாதம், ஒரு கூட்டம் ஜனம். சோப்பு நுரை போட்டு, விரலை நசுக்கி, கைக்கு இருபத்தொன்றையும் ஏற்றினார்கள். நான் "ஐயோ" என்றபோது எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே செல்ஃபி எடுத்தார்கள். எனக்குத் தலை பிளந்தது. கண்ணுக்கு முன்னால் வெல்டிங் அடிப்பதுபோல் பொறி பறந்தது.

சாப்பிட வந்த பிரேமா என் முகத்தைப் பார்த்ததும் இலையை விட்டு எழுந்துவிட்டார். பையிலிருந்து மெஷினை எடுத்து மேல்கையில் சுற்றினார். ஒரு தடவை பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

"நூத்தி எழுவது, நூத்திப் பத்து. நூத்தியெட்டுக்குப் போன் போடு இம்மானுவேலு. இந்த வளையல் எல்லாத்தயும் கழட்டு. வெரலு நீலமாயிடுச்சி, இதுல எங்க ஊசி போடறது?"

எண்ணெய் போட்டார்கள், மறுபடி சோப்பு போட்டார்கள். ஒன்றுகூட அசையவில்லை.

"அப்ப ஒடைங்க," என்றார் பிரேமா.

மாமியார் குறுக்கே வந்து நின்றார். "புள்ள பொறக்கறவரைக்கும் கழட்டவே கூடாது. ஒடைக்கறதா? வாயக் கழுவும்மா! மூணு நாள் கையில இருக்கட்டும், புதன்கெழம நானே ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போறேன்."

"புதன்கெழம வரைக்கும் இவ இருக்கணுமே!"

என் புருஷன் ஃபிட்டர். நாளெல்லாம் ஒயரும் கம்பியும் வெட்டுகிற ஆள். அலமாரி மேல் அவன் டூல்ஸ் பை இருந்தது. அவனோ அம்மா முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, கோயில் மாடு மாதிரி நின்றான்.

அந்த நேரம் பார்த்து விலாவில் ஓர் உதை. இன்னொன்று அன்று காலையிலிருந்தே சரியாக அசையவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எழுந்து போய் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தேன்.

"ஏய் ஷைனி! தரித்திரம்டி!"

"இருக்கட்டும் அத்த. தரித்திரத்த நான் வளத்துக்கறேன், புள்ளைங்க மொதல்ல வரட்டும்."

இடது கை வளையலை ஒவ்வொன்றாக நறுக்கினேன். சில்லு குத்தி ரத்தம் வந்தது. இருபத்தொன்றும் போயிற்று. வலது கைக்கு வந்தபோது இடது கைக்குப் பலமில்லை. பிளேயரை இம்மானுவேலிடம் நீட்டினேன்.

"வெட்டு."

"இன்னா நைனா, அவ பேச்சக் கேட்டுக்கினு..." என்று ஆரம்பித்தார் மாமியார்.

"ஒயரு வெட்டத் தெரியுது இல்ல? வெட்டுய்யா! இல்லன்னா இந்தக் கையோட என்னச் சவப்பொட்டியில வச்சி வெட்டுவ, ரெண்டு புள்ளையையும் சேத்து."

அவன் பிளேயரை வாங்கினான். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினான்.

"கண்ணத் தொறந்துக்கினு வெட்டுப்பா," என்று பிரேமா அதட்டினார்.

ஆம்புலன்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கே வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். இரண்டும் பெண். ஒன்று ஒரு கிலோ நானூறு, மற்றது ஒரு கிலோ இருநூறு. சின்னதற்கு நாடித்துடிப்பு இறங்கிக்கொண்டே வந்ததாம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டரம்மா.

ஐந்தாம் நாள் மாமியார் வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய் சொருகிக் கிடக்கும் பேத்திகளை வெளியிலிருந்து பார்த்தார். கொஞ்சம் அழுதார். மூக்கைச் சிந்திக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தார். மனம் மாறியிருக்கும் என்று நினைத்தேன், என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

"பாத்தியா? வளையல ஒடச்ச. அதனாலதான் ரெண்டும் ரெண்டு மாசம் முன்னாலயே வந்துடுச்சி."

கையெல்லாம் கீறல் காய்ந்து கிடந்தது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆமா அத்த," என்றேன். "ஒடைக்காம வுட்டிருந்தா வந்தே இருக்காது."

பக்கத்தில் பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்த இம்மானுவேல் முதல் முறையாகத் தன் அம்மா முகத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான். பாலை எனக்கு ஊற்றினான்.